எடைக்குப் போகாத இருபத்தாறு புத்தகங்கள்

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சாகி வந்துவிட்டது. உன் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். உன் பெரியப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். நானும் அச்சகக்காரரும் ஆளுக்கு மூன்று தடவை பார்த்து ‘எல்லாம் சரி’ என்று தலையாட்டிய பத்திரிகை அது. அவள் அதைத் திருத்தி வாங்க இப்போது கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் ‘பெங்களூரில் மழையா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்ன திடீரென்று வானிலையில் அக்கறை என்று நீ நினைத்திருப்பாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்காவது நழுவிவிடுவேன். என்மேல் எனக்கே அவ்வளவுதான் நம்பிக்கை. உன் தகரப் பெட்டியில் இருந்த இருபத்தாறு கௌபாய் காமிக்ஸையும் உன் அம்மா பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடவில்லை. எடுத்தது நான். எடுத்து, குற்றாலத்தில் வைத்து, ஒரே ஒரு புத்தகத்துக்காக மாற்றிக்கொண்டேன். பதினோரு வருஷமாக அவள் சுமக்கும் பழி என்னுடையது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை உனக்குத் தெரியும், நானே பெருமையாக நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்த புதிதில், தக்காளிப் பெட்டிக்கு அடியில் விரிக்க வந்த பழைய காகிதக் கட்டுக்குள் ஒரு காமிக்ஸ் கிடந்தது. அட்டை இல்லை. உள்ளே ஒருவன் குதிரைமேல் இருந்து சுடுகிறான், சுடப்பட்டவன் யார் என்று தெரிவதற்குள் பக்கம் கிழிந்துவிட்டது. அவன் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் தேட ஆரம்பித்தேன். மார்க்கெட் காலையோடு முடிந்துவிடும். மத்தியானம் முழுக்க எனக்குச் சும்மாதான். சங்கரன்கோவில், ராஜபாளையம், திருநெல்வேலி என்று பழைய புத்தகக் கடை இருக்கும் ஊருக்கெல்லாம் பஸ் ஏறினேன். சிவப்புக் கைக்குட்டை ஷெரீப் என்று நாம் செல்லப்பெயர் வைத்திருந்தோமே, அந்த வரிசை முழுவதையும் சேர்த்துவிடுவது என்று வைராக்கியம். மற்றவர்கள் காசை நிலத்தில் போட்டார்கள், நான் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் அடித்த காகிதத்தில் போட்டேன். அதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. வருத்தம் வேறு.

உனக்கு எட்டு வயது ஆனபோது அந்தத் தகரப் பெட்டியை வாங்கி வந்து, என்னிடம் இரண்டு பிரதியாக இருந்த மூன்று புத்தகங்களை உள்ளே வைத்து, ‘இந்தப் பெட்டியும் இதுல இருக்கதும் ஒனக்கு. இனிமே நான் தொடமாட்டேன்லே’ என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னமோ, எனக்கு இருக்கிறது. கூடவே சட்டதிட்டமும் சொன்னேன். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பக்கத்தை மடிக்கக் கூடாது. குறுக்கெழுத்தை நிரப்பக் கூடாது. முக்கியமாக, பெயர் எழுதக் கூடாது. பெயர் எழுதிய புத்தகத்தைச் சேகரிக்கிறவன் எவனும் மதிக்க மாட்டான் என்றேன். பள்ளிக்கூடப் புத்தகங்களில் காது மூக்கெல்லாம் வரைந்து வைக்கிற பயல், இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டாய். பத்து வருஷத்தில் மூன்று இருபத்தாறு ஆனது. பரீட்சை முடிந்த கையோடு நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய்த் தேடி வாங்கியவை, தீபாவளிக் காசில் நீயே வாங்கியவை, எல்லாம் சேர்த்து. என் அலமாரியில் இருந்த புத்தகங்களைவிட உன் பெட்டியில் இருந்தவை சுத்தமாக இருந்தன. எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது, லேசாகப் பொறாமையாகவும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உன் அம்மா படித்தது வேறு ஜாதிப் புத்தகம். கௌபாய் காமிக்ஸ் மொத்தமாக வாங்கினால் கடைக்காரர்கள் கொசுறாகக் காதல் காமிக்ஸ் நாலைந்து தள்ளிவிடுவார்கள். நர்ஸ் பெண் டாக்டரைக் காதலிப்பாள், டாக்டர் பணக்காரியைக் காதலிப்பார், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் அழுவார்கள். சேகரிக்கிற எங்கள் கூட்டத்தில் அதற்கு மரியாதை கிடையாது. நான் அவற்றைச் சமையலறைப் பக்கம் போட்டுவிடுவேன். உன் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அதைப் படிப்பாள். கண்ணீர் வெங்காயத்துக்கா கதைக்கா என்று நாம் இருவரும் கேலி செய்வோம். ‘அழுகாச்சி புக்’ என்று பெயர் வைத்தது நான்தான். நீ என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். அவளோ எதையும் கண்டுகொள்ளாமல், ‘இந்த நர்சுப் பிள்ள சுத்த மடச்சி. அந்தப் பய மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஏமாத்துதாம்னு’ என்று விமர்சனம் சொல்வாள். மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கலை அவளுக்கு அந்தப் புத்தகங்களிலிருந்து வந்ததா, என்னோடு குடித்தனம் நடத்தியதில் வந்ததா என்று தெரியவில்லை.

நீ கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்த முதல் வருஷம், குற்றாலத்தில் நல்ல சாரல். வருஷா வருஷம் சீசனில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஐந்தருவிப் பக்கம் லாட்ஜில் ரூம் போடுவது உனக்குத் தெரியும். ஊர் உலகம் அருவியில் குளிக்க வரும், நாங்கள் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு காமிக்ஸ் மாற்றுவோம். குளித்துவிட்டு வந்தவனுக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டவனுக்கும் ரூமுக்குள் அனுமதி இல்லை, முதலில் புத்தகம், அப்புறம்தான் அருவி. ஆளுக்கு ஒரு துண்டை விரித்து அதில் அவரவர் புத்தகத்தை அடுக்க வேண்டும். ஒருவர் தன் புத்தகத்தை எடுத்து அடுத்தவர் துண்டில் வைத்துவிட்டால் முடிந்தது, திரும்பக் கேட்கக் கூடாது. மார்க்கெட்காரனான நான்தான் அந்த வழக்கத்தை ஏற்படுத்தினேன். பேச்சு மாறுகிறவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பெரிய நியாயஸ்தன் மாதிரி பேசித்தான் ஏற்படுத்தினேன்.

அந்த வருஷம் சிவகிரி அண்ணாச்சி ஒரு பாலித்தீன் கவருக்குள் நாற்பத்தோராம் நம்பரைக் கொண்டுவந்தார். என் வரிசையில் அது ஒன்றுதான் இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தேடிய புத்தகம். அட்டை பளபளவென்று இருந்தது. என் துண்டில் இருந்ததை எல்லாம் காட்டினேன். அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

‘எல்லாம் செல்லரிச்சதாட்டுல்லா இருக்கு, அண்ணாச்சி. ஒங்க பையன் செட்டு ஒண்ணு இருக்குல்லா? போன வருசம் காட்டுனீயளே. அதக் கொண்டாங்க, இத எடுத்துக்கிடுங்க.’

‘அது அவனுதுல்லா’ என்றேன். ஒரு தடவை சொன்னேன், உண்மை. ஒரே ஒரு தடவை.

‘அவன் இனிமே எங்க இதப் படிக்கப் போறான்? காலேசுக்குப் போயிட்டா இதெல்லாம் மறந்துருவானுவ. சாயங்காலம் நான் கெளம்பிருவேன். யோசிச்சுக்கிடுங்க.’

நான் யோசிக்கவில்லை. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வருகிற பஸ்ஸில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உனக்குப் போன் செய்ய அந்த நேரம் போதும். செய்யவில்லை. நீ ‘வேண்டாம்பா’ என்று சொல்லிவிடுவாய் என்று தெரியும். சொன்னால் எனக்கு அந்தப் புத்தகம் கிடைக்காது. இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருந்திருக்குமோ என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வீட்டில் நான் பெட்டியைத் திறந்து புத்தகங்களை மஞ்சள் பைக்குள் அடுக்குவதை உன் அம்மா பார்த்துவிட்டாள். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

‘என்னத்த எடுத்துட்டுப் போறீய? அது அவன் பெட்டியில்லா?’

‘சும்மா மாத்துததுக்குத்தான்.’

‘அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?’

‘கேட்டாச்சு, கேட்டாச்சு. எடுத்துக்கிடுங்கன்னுட்டான்.’

அவள் நம்பிவிட்டாள். நான் திரும்பிப் போய் இருபத்தாறையும் சிவகிரி அண்ணாச்சியின் துண்டில் வைத்தேன். அவர் சந்தோஷத்தில் நான்கு காதல் காமிக்ஸைச் சேர்த்துக் கொடுத்தார், ‘வீட்டம்மாவுக்குக் குடுங்க’ என்று. கொண்டுவந்து கொடுத்தேன். பூ வாங்கிக் கொடுத்தால்கூட அப்படிச் சிரிக்காதவள், அன்றைக்குச் சிரித்தாள். ‘எனக்குன்னா வாங்குனீய?’ என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அந்தத் தீபாவளிக்கு நீ வந்தாய். பையை இறக்கிவைத்த கையோடு பெட்டியைத் திறந்தாய். காலி. ‘எப்பா, எம் புக்கெல்லாம் எங்க?’ என்று உள்ளிருந்து கத்தினாய். நான் இங்கே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ‘எனக்கென்னலே தெரியும்? அம்மாட்ட கேளு. வெள்ளையடிக்கையில ஒதுங்க வச்சா, பழைய பேப்பரோட போட்ருப்பா’ என்று வாய் சொன்னது. பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

உன் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உன்னிடம் கேட்டதாக நான் சொன்னது பொய் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். உண்மையைச் சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் உன் பக்கம் திரும்பி, ‘ஆமாய்யா. தெரியாமப் போட்டுட்டேன்’ என்றாள்.

நீ சொன்னதை நான் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். ‘அழுகாச்சி புக் படிக்குதவளுக்கு இதோட அருமை எங்கன தெரியும்? எட்டாங்கிளாசுல்லா’ என்றாய். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாவு அச்சுக்குள் இருந்தது, பிழிய வேண்டியிருந்தது. நீ அந்தத் தீபாவளிக்கு அவள் சுட்ட பலகாரம் எதையும் தொடவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் தொட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த வார்த்தைக்கு உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதில் பாதி நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. மீதிப் பாதிக்குக் காரணமும் நான். ஆனால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்குப் பிறகு அவள் எந்தக் காமிக்ஸையும் கையால் தொடவில்லை. அந்த நான்கையும் முழுதாகப் படித்து முடித்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. ‘படிக்கலையா’ என்று ஒரு நாள் கேட்டேன். ‘கண்ணு தெரியல’ என்றாள். நேற்று பத்திரிகையில் அச்சகக்காரனே காணாத பிழையைக் கண்டுபிடித்த கண் அது.

நாற்பத்தோராம் நம்பரைப் பற்றி நீ கேட்பாய். அதை வாங்கியதும் எனக்கு நெஞ்சு உறுத்தியது, தூக்கம் போனது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அருமையான புத்தகம். வரிசையில் அதை அதனிடத்தில் செருகியபோது உள்ளங்கால்வரை சந்தோஷமாக இருந்தது. ஐந்தாறு வருஷம் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். நீ லீவில் வரும்போது மட்டும் அதைப் பின் வரிசைக்கு மாற்றிவைத்தேன். அந்த அளவுக்குத்தான் என் மனசாட்சி வேலை செய்தது.

உன் கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. பிறகு அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. காலேஜ் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னாய். வேலையில் சேர்ந்த பிறகு ஆபீஸ்காரர்களிடம் சொன்னாய். உன் சித்தப்பா பிள்ளைகள் எதையாவது தொலைத்தால் ‘பெரியம்மா எடைக்குப் போட்டாச்சா?’ என்று கேட்கிற அளவுக்குக் குடும்பத்தில் அது நிலைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் கூடச் சேர்ந்து சிரித்தேன். கதையில் நீ எதையாவது விட்டுவிட்டால் எடுத்தும் கொடுத்தேன். ‘மூணு கிலோ இருந்துருக்கும்’ என்று எடை சொன்னதுகூட நான்தான்.

போன மாசம் இலத்தூரில் உன் நிச்சயதார்த்தத்தன்று, சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அதை நிவேதா வீட்டாரிடமும் சொன்னாய். முடிக்கும்போது அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘ஒன் புக்கு, சர்ட்டிபிகேட்டு எதையும் எங்கம்மா கண்ணுல படுற மாதிரி வச்சுராத’ என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நிவேதாவின் அம்மா, ‘மதினி கைல தங்கத்தக் குடுத்தாலும் பேரீச்சம்பழத்துக்குப் போட்ருவாவ போலுக்கே’ என்றார். நல்ல மனுஷி, கள்ளமில்லாமல்தான் சொன்னார். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பி வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

காரில் திரும்பி வரும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். ‘அந்தப் பிள்ளைட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. அவ சாமான் எதையும் நான் தொடமாட்டேன்னு. நானாச் சொன்னா நல்லாருக்காது.’

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் நம் வீட்டுக்குள் கிடந்த பழி, இனி புதிதாக வருகிற பெண்ணோடு சேர்ந்து குடிவரப் போகிறது. தன் வீட்டில், தன் மருமகளின் ஒரு துணியை மடித்து வைக்கக்கூட உன் அம்மா பயப்படப் போகிறாள். நாளைக்குப் பேரன் பேத்தி வந்தால் அவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்வீர்கள். அவர்களும் சிரிப்பார்கள்.

மறுநாள் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் ஆமாம் என்று சொன்னாய் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. ‘அப்ப அவனுக்கு ஒலகமே நீங்கதான். எம்மேல கோவம்னா நாலு நாள்ல வந்துருவான். அப்பா களவாங்கிட்டாருன்னு தெரிஞ்சா பிள்ள எங்க போவான்?’ என்றாள். கொஞ்சம் கழித்து, ‘ரெண்டு நாள்ல நீங்களே சொல்லிருவீயன்னு நெனச்சேன்’ என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதாவது உனக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். ‘கல்யாண நேரத்துல எதுக்கு? விடுங்க. பழகிப்போச்சு’ என்றாள். அதைக் கேட்டதும் எனக்குள் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அவளே விடச் சொல்லிவிட்டாள், இனி நம்மேல் தப்பில்லை என்று ஒரு நிம்மதி. இரண்டு நாள் அந்த நிம்மதியிலேயே இருந்தேன். இந்தக் கடிதத்தில் மற்ற எதைவிடவும் இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டென்றால் இதுதான்: உன் தப்பை உன் பெண்டாட்டி தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிற ஒரு நாள் உனக்கும் வரும். அந்த நிமிஷம் மூச்சு லேசாகும். அப்போது உன்னை நீ நம்பாதே. உடனே வாயைத் திற.

போன வாரம் சிவகிரிக்குப் போனேன். நாற்பத்தோராம் நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உன் இருபத்தாறையும் கேட்டேன். நான் ஏற்படுத்திய வழக்கத்தை நானே மீறித்தான் கேட்டேன். அண்ணாச்சிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. ‘அதுவா, அது வந்த வருசமே வெளியூரு பார்ட்டி ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டாம்லா. அந்த மாதிரி வச்சிருந்த செட்ட நான் வேற எங்கயும் பாக்கல, அண்ணாச்சி. ஒரு மடிப்பு இல்ல, ஒரு பேரு எழுதல. அதான் ஒடனே போயிட்டு’ என்றார். ஒரு பெயர் எழுதியிருந்தால் அவர் அன்றைக்கு வேண்டாம் என்றிருப்பார். எழுதாதே என்று சொன்னவன் நான். நாற்பத்தோராம் நம்பரை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதனால் உனக்கு எந்த லாபமும் இல்லை, தெரியும். உன் புத்தகங்களை என்னால் திரும்பத் தர முடியாது.

ஆனால் கதையைத் திருத்த முடியும். இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுகிறேன். இன்னொன்றை இலத்தூருக்கு, நிவேதாவின் அப்பா அம்மா பெயருக்குப் போடுகிறேன். பந்தல் கால் நடுகிற அன்று சித்தப்பா வீட்டார் எல்லோரும் வந்ததும் நானே வாயால் சொல்வேன். பத்துப் பேர் முன்னால் சிரித்ததைப் பத்துப் பேர் முன்னால்தான் நிறுத்த வேண்டும். உன் அனுமதி கேட்கவில்லை. உன் அம்மாவின் அனுமதியும் கேட்கவில்லை, கேட்டால் விடுங்கள் என்பாள், எனக்கு மறுபடி நிம்மதி வந்துவிடும். சம்பந்தி வீட்டில் என் மரியாதை போகும். போகட்டும். நீ என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் இரு. பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது, வழி தவறி அவளிடம் போய்விட்டது.

ஒன்று மட்டும் செய். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே, அவளுக்குச் செய். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், நான் சொல்லித்தந்த லட்சணம்தான் தெரிகிறதே. நீ ஆரம்பிப்பதற்குள் அவள் ‘சாப்ட்டியாய்யா?’ என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடாதே. நான் இத்தனை வருஷமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா